முகம் ஒத்துக்கலை

ஐப்பசி மழை ஒரு நாள் இடைவெளி விட்டிருந்தது. அந்த ஒரு நாள் வெயிலுக்குள் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியை எல்லாம் ஆய்ந்துவிட வேண்டும் என்று தாட்சாயணி விடிந்ததிலிருந்து வரப்போரம் உட்கார்ந்திருந்தாள். செடியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு, ஒரு உருவல். காய் கூடையில் விழும், கொடி பின்னால் போகும். ஈரத்தில் கிடந்த காய்களில் பாதி, நிலத்துக்குள்ளேயே முளைவிட்டு வெள்ளையாக வால் நீட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்த பிரித்திகா கையைப் பாவாடையில் துடைத்தாள். போனைக் கூடையின் மேல் சாய்த்து வைத்து, எண்ணெய் தடவிப் பின்னியிருந்த சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் தெரிந்த வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள், கண்ணை மூடித் திறந்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"தெனம் தெனம் இன்னாடி அதுக்கு தரிசனம் குடுக்கற?" என்றாள் தாட்சாயணி.

"குடுக்கலன்னா என் ஆளு என்னுது இல்லன்னு பூடும்மா."

"பூட்டா பூட்டும். சோறு துன்னுதா, தண்ணி குடிக்குதா?"

"நம்ம ஊட்டுல கரெண்டு பில்லு யாரு கட்டறாங்க? அதுதான் கட்டுது."

டிராக்டர் டிரெய்லரில் கொடியை ஏற்றிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் மேலிருந்து சிரித்தார். "சொல்லும்மா, நல்லா சொல்லு உங்கம்மாவுக்கு."

போனில் ஆடுகிற ஆர்கோரா என்ற அந்த விளையாட்டு இன்னும் வெளியே வரவில்லை. கார்த்திகையில் வரப்போகிறது. அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று ஊர் ஊராகக் கூலிக்குப் பிடித்திருந்தது. தாட்சாயணியின் தம்பி வேணு ரேணிகுண்டாவில் ஒரு லேத் பட்டறையின் மாடியை வாடகைக்கு எடுத்து, வரிசையாகப் போன்களை வைத்து, சுற்றுவட்டாரத்துப் பெண் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தான். பிரித்திகா ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறிப் போய்வந்தாள். விளையாட்டுக்குள் அவளுடைய ஆள் ஒரு கல்லுடைக்கிற பெண். நீலா என்று பேர் வைத்திருந்தாள். அந்த நீலா மலையில் இரும்புக்கல் உடைத்து, கணவாய் வழியாகச் சுமந்து இறக்கி, உலையில் போட்டு வாள் அடிப்பாள். எங்கெங்கோ இருந்து சோதித்து ஆடுகிறவர்கள் அவளிடம் வாள் வாங்க வரிசையில் நிற்பார்கள். மாடியில் தகரக் கூரை. கீழே லேத் சத்தம். விரல் வழுக்காமல் இருக்கப் பவுடர் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கல்லை அடித்து அடித்து, அந்த நீலாவை அவள் அவ்வளவு பெரிய ஆளாக்கியிருந்தாள்.

விளையாட்டு வெளிவரும் அன்று, நீலா பிரித்திகாவின் பேருக்கே எழுதப்படுவாள். விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். இதைப் பற்றி வேணு ஒரு தடவை களி தின்றுகொண்டே மாமனுக்கு விளக்கியிருந்தான்.

"பிளாக்செயின்னு சொல்வாங்க மாமா. பட்டா குடுக்கற எம்.ஆர்.ஓ. ஆபீஸ் மாரி இல்ல. ஊருல கீற அத்தினி ஆபீஸ்லயும் ஒரே நேரத்துல அதே பட்டா ஏறிடும். ஒருத்தன் அடிச்சுத் திருத்தினா மீதிப் பேரு காட்டிக் குடுத்துடுவான். ஒரு தபா ஏறிச்சுன்னா ஏறினதுதான்."

முனிகிருஷ்ணன் வாயில் வைத்த உருண்டையை அப்படியே நிறுத்தினார். அவர் அப்பன் காலத்தில் கிடைத்த பட்டா, அடங்கலில் இன்னொருத்தன் பேருக்கு மாறிப்போய், அதைத் திருப்புவதற்குள் அவருக்குத் தலை நரைத்திருந்தது. "நம்ம நெலத்துக்கு இந்த மாரி பண்ணமாட்டாங்களாடா?" என்று கேட்டார்.

அன்றைக்கே அவர் மகளுக்கு ஒரு வார்த்தை கொடுத்தார். அக்கா மகள் மேல் வேணுவுக்கு உரிமை உண்டு. தாட்சாயணிக்கு அது தாய்வீடு அறுந்துபோகாமல் இருக்க ஒரே வழி. ஆனால் பிரித்திகாவுக்குத் திருப்பதியில் நர்சிங் படிக்க வேண்டும். மாமனைக் கட்ட மனசில்லை. "அந்த ஆளு உன் பேருக்கு வந்துட்டா நீ படிக்கப் போ. வேணு பேச்ச நான் பேசமாட்டேன். வரலன்னா உங்கம்மா சொல்றது" என்றார் முனிகிருஷ்ணன். தாட்சாயணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் வானம் மறுபடி கறுத்தது. அவசரத்தில் டிரெய்லரில் கொடியை உயரமாக ஏற்றிவிட்டார்கள். மேலே நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் ஈரக்கொடியோடு சறுக்கிக் கீழே வந்தார். தோள் உடம்புக்கு அடியில் மாட்டியது. எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். கை மட்டும் எழவில்லை.

புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மறுநாள், சாத்துக்குடிப் பையோடு வேணு வந்தான். கட்டில் காலருகே உட்கார்ந்து மாமனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

"வலிக்குதா மாமா?"

"வலிக்காம?"

வேணு அக்காவைப் பார்த்தான். "யக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. போன வருசம் இவளுக்கு ஜொரம் வந்து, ஆஸ்பத்திரில கையை விரிச்சப்ப, நீ இன்னா வேண்டிக்கின?"

தாட்சாயணி உறித்துக்கொண்டிருந்த சாத்துக்குடியைக் கீழே வைத்தாள்.

"முழு மொட்டை" என்றாள்.

"போட்டாச்சா?"

"எங்க போட விட்டா? மூஞ்சி காட்டணும், மூஞ்சி காட்டணும்னு தள்ளிக்கினே வந்தா."

"அதான் கேட்டேன்" என்றான் வேணு. தாட்சாயணியின் கண் கட்டுப் போட்ட தோளுக்குப் போய், மகளின் சடைக்கு வந்தது.

"மலைமேல கீறவன் பாக்கிய உடமாட்டான்" என்றாள். "பொண்ணுகிட்ட எடுக்காதத அப்பன்கிட்ட எடுத்துட்டான்."

"நைனா வழுக்கி வுழுந்தாரும்மா" என்றாள் பிரித்திகா. "ஈரக்கொடிய அவ்ளோ ஒசரம் ஏத்தினது யாரு? சாமியா ஏத்துச்சு?"

"வாய மூடுடி!"

"கார்த்திகை வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ. ஆளு என் பேருக்கு எழுதினதும் மறுநாளே நானே நடந்து ஏறிப் போட்டுக்கறேன். சத்தியம்."

"அதுக்குள்ள உங்க நைனாவுக்கு இன்னோர் ஆபத்து வந்தா? உன் ஆளு வந்து தூக்குமா?"

"மொட்டை போட்டா என் மூஞ்சி அதுக்குத் தெரியாதும்மா. வட்டத்துக்குள்ள தலையும் சேத்துத்தான் பாக்குது. மாமாவக் கேளு. தொழிலே அவருதான் பண்றாரு."

எல்லோரும் வேணுவைப் பார்த்தார்கள். அவன் சாத்துக்குடி விதையை உள்ளங்கையில் துப்பி, ஜன்னல் வழியாக எறிந்தான்.

"மூஞ்சியத்தானே பாக்குது? முடியையா பாக்குது?" என்றான். "கண்ணு அதே கண்ணு. மூக்கு அதே மூக்கு. எங்க ஓடிடும்?"

"மாமா, நெசமா சொல்லு."

"நான் ஏன்டி பொய் சொல்லப்போறேன்? உனுக்கு வந்தா எனுக்கு சந்தோசம்தானே?"

பிரித்திகா அப்பாவிடம் போய் நின்றாள். முனிகிருஷ்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. "போய்ட்டு வந்துடு கண்ணு" என்றார். "அதான் வேணு சொல்றானே, ஒண்ணும் ஆவாதுன்னு."

வேணுவே ஜீப் ஏற்பாடு செய்தான். அவனே ஓட்டினான். ரேணிகுண்டா தாண்டும்போது தாட்சாயணியின் போனில் மெசேஜ் வந்தது. பெரிய பிள்ளை ஜெயபிரகாஷ் குவைத்தில் ஏசி ரிப்பேர் வேலையில் இருந்தான். அவன் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத வராது. போனிடம் பேசுவான், அது எழுதிக் கொடுக்கும். பேசும்போது வருகிற மூச்சு, தயக்கம் எல்லாம் அதில் ஏறாததால், அவன் மெசேஜ் எப்போதும் யாரோ ஓடிவந்து சொல்வது மாதிரி நிற்காமல் போகும்.

"படிடி" என்றாள் தாட்சாயணி. அவளுக்கும் தெலுங்கு எழுத்துதான் தெரியும். பிரித்திகா ரயில் சிநேகிதிகளிடம் கற்றுக்கொண்ட தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அம்மா நான் ஜெயபிரகாஷ் பேசறேன் நைனா எப்படி இருக்காரு பிரித்தி மொட்டை போடறதா சொன்னா வேணாம் அம்மா இங்க ரூம்ல ஒரு கேரளாப் பையனும் அந்த கேம டெஸ்ட் பண்றான் அவன் தாடி எடுத்ததுக்கே அது ஒத்துக்கல மூணு தபா பாக்கும் அப்பறம் பூட்டிடும் தயவு செஞ்சு மூணு கத்திரி முடி மட்டும் குடுங்க சாமிக்கு அது போதும் நான் வந்து மொட்டை போட்டுக்கறேன் அம்மா கேளு அம்மா."



"தாடிக்காரன் கதை எல்லாம் நமக்கு எதுக்கு?" என்றான் வேணு, கண்ணாடியில் அக்காவைப் பார்த்தபடி. "ஏசி மிஷின் கழுவறவன் எனுக்கு கேமு சொல்லித் தர்றான் பாருக்கா."

தாட்சாயணி சிரித்துவிட்டாள். மகள் கொண்ட பயத்தில் பாதிகூட அவளைத் தொடவில்லை. அவள் தம்பி ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

மலைமேல் மொட்டை போடும் கல்யாணகட்டாவில் தரையெல்லாம் தண்ணீரும் முடியுமாக வழுக்கியது. எங்கே பார்த்தாலும் குனிந்த தலைகள். குழந்தைகள் வீறிட்டன. டோக்கனோடு கொடுத்த பாதி பிளேடை வாங்கிக் கத்தியில் சொருகிக்கொண்டு, சவரம் செய்யும் அம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "குண்டா? மூடு கத்தெர்லா?"

முழுசா, மூன்று கத்திரியா என்று அர்த்தம். பெண்கள் பெரும்பாலும் மூன்று கத்திரிதான் கொடுப்பார்கள். நுனிமுடியில் மூன்று வெட்டு, வேண்டுதல் முடிந்தது.

"மூடு கத்தெர்லு" என்றாள் பிரித்திகா, வேகமாக.

"குண்டு" என்றாள் தாட்சாயணி.

அந்த அம்மாள் இப்போது நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள், "வயசுப் பொண்ணும்மா. மூணு கத்திரி குடுத்தா சாமி வேணாம்னு சொல்லமாட்டாரு."

"நான் வேண்டிக்கிட்டது முழுசு."

"அம்மா, நான் உன் கால்ல வுழறேம்மா." பிரித்திகா உண்மையாகவே விழுந்தாள். ஈரத்தரையில் அவள் முழங்காலில் யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டது. "பத்து நாளு பொறுத்துக்கோம்மா. அப்பறம் தோலோட உறிச்சுக் குடுக்கறேன்."

"சாமி எடத்துல அவச்சொல் பேசாதடி!" தாட்சாயணி மகளின் பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். வாய் கோவிந்தா கோவிந்தா என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். நடு உச்சியில் பிளேடை வைத்து ஒரு இழுப்பு. அந்த ஒரு கோடு விழுந்த பிறகு பிரித்திகா அசையவில்லை. மிச்சத்தை அவளே தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

மலையடிவாரம் அலிபிரிக்கு இறங்கி வந்து ஒரு டீக்கடையில் நின்றபோது போனைத் திறந்தாள். சந்தனம் பூசிய தலை வட்டத்துக்குள் வந்தது. இடது, வலது, கண். சிவப்பு. முகம் பொருந்தவில்லை.

வேணு இரண்டு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "சந்தனத்த கழுவிட்டுக் காட்டு" என்றான். "வெளிச்சம் பத்தல."

வீட்டில் சந்தனத்தைக் கழுவி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டாவது தடவை காட்டினாள். சிவப்பு. இன்னும் ஒரே தடவைதான் பாக்கி. விளையாட்டு வெளிவருகிற நாளுக்கு அது வேண்டும் என்று, தொட பயந்து அவள் போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். கம்பெனிக்கு எழுதினாள். உங்கள் கேள்விக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. எத்தனை தடவை எழுதினாலும் அதே பதில்தான், அதே வேகத்தில் வந்தது.

விளையாட்டு வெளிவருகிற அன்று காலையில் தாட்சாயணி தலைக்குக் குளித்துவிட்டு மகள் முன்னால் வந்து நின்றாள். கூந்தல் ஈரமாக இடுப்பு வரைக்கும் கிடந்தது.

"போன எடு" என்றாள்.

"எதுக்கு?"

"எடுடி. என் முடியும் உன் முடியும் ஒரே முடிதானே. என் வயித்துல இருந்து வந்ததுதானே."

அவள் மகளுக்குப் பின்னால் மண்டியிட்டாள். தன் கூந்தலை இரண்டாகப் பிரித்து மகளின் மொட்டைத் தலைமேல் போட்டு, இரண்டு கன்னத்தோரமும் இறக்கி, தாடைக்குக் கீழே கையால் சேர்த்துப் பிடித்தாள். தலையை எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டிலில் இருந்து முனிகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிரித்திகா கடைசித் தடவையாக வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனாள். இடது பக்கம் திரும்பியபோது தாட்சாயணியும் கூடவே திரும்பினாள்.

இரண்டு முகங்கள் தெரிகின்றன என்றது போன். அதோடு பூட்டிக்கொண்டது.

மதியம் வேணு சாப்பிட வந்தான். கத்திரிக்காய்க் குழம்பும் முட்டையும். உட்கார்ந்து இரண்டு வாய் தின்ற பிறகு, யாரும் கேட்காமல் அவனே சொன்னான்.

"பூட்டினா பூட்டட்டும். போன் பதிஞ்சது என் பேர்ல. முகம் ஒத்துக்கலன்னா பதிஞ்சவன் வேற முகம் குடுக்கலாம்னு ரூல் கீது. குடுத்துட்டேன். ஹரிப்ரியான்னு ஒரு பொண்ணு, மொகம் நல்லா உழுது. ஆளு பத்திரமாத்தான் கீது."

"நீலாவயா?" என்றாள் பிரித்திகா.

"அதான், கல்லு ஒடைக்கறவ."

தாட்சாயணி கரண்டியோடு நின்றாள். "டேய், முடி போனா ஒத்துக்காதுன்னு உனுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாம தொழில் பண்ணுவனா?"

"தெரிஞ்சுமாடா முடியையா பாக்குதுன்னு சொன்ன?"

"யக்கா." வேணு கையை உதறிவிட்டுச் சிரித்தான். "வேண்டிக்கினது நீ. தலைய அமுக்கிப் புடிச்சது நீ. நானா? அவ பேருக்கு வந்திருந்தா திருப்பதிக்கு ஓடியிருப்பா. இப்ப என்கிட்ட கீது. அவளும் என்கிட்டதானே வரப்போறா? எல்லாம் ஒரே ஊட்டுல. கொழம்பு ஊத்து."

கட்டில் கிரீச்சிட்டது. முனிகிருஷ்ணன் எழ முயன்று, முடியாமல் மறுபடி படுத்தார். "மச்சான், இது நல்லால்ல" என்றார்.

"நீங்க குடுத்த வார்த்தை இன்னா மாமா? ஆளு வரலன்னா அக்கா சொல்றதுதானே?"

தாட்சாயணி கரண்டியைப் பார்த்தாள். தம்பியின் தட்டைப் பார்த்தாள். பிறகு குழம்பை ஊற்றினாள். இன்னொரு முட்டையையும் எடுத்து வைத்தாள்.

முடி வளரட்டும், கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். மொட்டைத் தலையில் பூ வைக்க முடியாது, போட்டோவில் நன்றாக இருக்காது. அதுவரைக்கும் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வேணு அவளைப் பழையபடி ரேணிகுண்டாவுக்கு வரச் சொன்னான். ஹரிப்ரியாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாங்க வந்தவர்கள் நீலாவின் வரிசையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரித்திகா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்தக் கல்ல எங்க அடிக்கறது?"

"நடுவுல அடிக்காத. ஓரத்துல வெடிப்பு கீது பாரு, அங்க."

"அக்கா, கணவாயில இவ ஏன் நின்னுடறா?"

"மூச்சு வாங்குவா. கொஞ்சம் உடு. அவளே நடப்பா."

ஹரிப்ரியா தினமும் காலையில் வட்டத்துக்குள் முகம் காட்டுவாள். பச்சை எரியும். "உங்க ஆள நான் எடுத்துக்கினேன்னு என்மேல கோவமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "ஓரத்துல அடி" என்றாள் பிரித்திகா.

முடி நன்றாகவே வளர்ந்தது. மார்கழி முழுக்கத் தாட்சாயணி அதற்குக் கரிசலாங்கண்ணி எண்ணெய் தடவினாள். காதைத் தொடும்போது ஒரு சந்தோஷம், கழுத்தைத் தொட்டுவிடும் என்று ஒரு சந்தோஷம். சின்ன சவுரி வைத்துச் சமாளித்துவிடலாம் என்று புத்தூரில் பார்த்தும் வைத்துவிட்டு வந்தாள். மகள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற அன்று பிரித்திகா ரேணிகுண்டாவில் இறங்கவில்லை. திருப்பதி வரைக்கும் போய், அலிபிரியில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறினாள். பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த தாட்சாயணி, துண்டு இல்லாமல், புதுச் சந்தனம் மின்ன, உருண்டையாக வந்து நின்ற அந்தத் தலையைப் பார்த்தாள். வாளி கவிழ்ந்தது.

"அடிப் பாவி! இன்னாடி பண்ணிட்டு வந்து நிக்கற? பத்திரிகை அடிக்கப் போயிருக்காங்களேடி!"

"வேண்டுதல்."

"எவ வேண்டிக்கினா?"

"நான்தான். எனுக்கு சாமி இல்லியா?"

தாட்சாயணி கையை ஓங்கினாள். சந்தனத் தலையில் அடிக்கக் கை வரவில்லை. ஓங்கியபடியே நின்றது. "இன்னான்னுடி வேண்டிக்கின?"

பிரித்திகா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"மாமா நல்லா இருக்கணும்னு. வண்டில போறாரு, வர்றாரு. ராத்திரி பகல் பாக்காம ஓட்றாரு. அவரு உசுருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. முடி காதத் தொடும்போதெல்லாம் மலைக்கு வந்து முழுசாக் குடுத்துடறேன், சாவற வரைக்கும் குடுக்கறேன்னு வேண்டிக்கினேம்மா."

உள்ளே கட்டிலில் முனிகிருஷ்ணன் இருமினார். அது இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"மாத்தி வேண்டிக்கலாம்டி" என்றாள் தாட்சாயணி. குரல் இறங்கியிருந்தது. "உண்டியல்ல அபராதம் போட்டுடலாம். சாமி ஒத்துக்கும்."

"மூணு கத்திரியே ஒத்துக்கல உன் சாமி. இத ஒத்துக்குமா?" பிரித்திகா வாளியை நிமிர்த்தி வைத்தாள். "மாத்தறதுன்னா மாத்து. எனுக்கு ஒண்ணும் இல்ல. நான் பாக்கி வெச்சா யாருகிட்ட எடுக்கும்னு நீதான் சொல்லணும். உனுக்குத்தான் தெரியும்."

ஓங்கியிருந்த கை எப்போது கீழே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏரிக்கரைப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. வேணுவின் புல்லட். பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு, எப்போதும் போலத் திருப்பத்தில் வேகம் குறைக்காமல் வந்துகொண்டிருந்தான். தாட்சாயணி தண்ணீர் சிந்திய வாசலில் வழுக்கி, சமாளித்து, முந்தானை அவிழத் தெருவுக்கு ஓடினாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

"டேய் வேணு! மெதுவா வாடா! மெதுவா வாடா, என் சாமி! மெதுவா!"